475-உம் 380-உம் சேர்ந்தால் 475380 ஆவது ஏன்?

கிருஷ்ணகிரியில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: காவேரிப்பட்டணத்து மாங்காய் மண்டியில் தம் தந்தை இறக்கிய பெங்களூரா மாங்காயின் எடைச்சீட்டுகளை வரிக்கு ஒன்றாக உரைக்கோப்பில் ஏற்றி, வரி முடிவுக் குறிகளை நீக்கிவிட்டுப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலால் கூட்டியபோது, 475, 380 என்ற முதல் இரண்டு வரிகளுக்கு 855 வராமல் 475380 வந்தது ஏன்?

உரைக்கோப்பில் எண்கள் இருப்பதில்லை, எண்களை எழுதிய எழுத்துகளே இருக்கின்றன. எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் பைத்தான் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். கோப்பைத் திறந்து பைட்டுகளை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களை, பார்த்தால் 475 என்பது 52, 55, 53 என்று மூன்று பைட்டுகளாகக் கிடக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும், 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டில் ‘0’ என்ற எழுத்துக்கு 48-இல் தொடங்கி, ‘9’ என்ற எழுத்துக்கு 57 வரை வரிசையாக இடம் கொடுத்தார்கள். ஆகவே எந்த இலக்க எழுத்தின் குறியெண்ணிலிருந்தும் 48-ஐக் கழித்தால் அதன் மதிப்பு கிடைத்துவிடும். 48 என்பதை 0, 1 என்ற பிட்டுகள் மட்டும் கொண்ட இரும எண்ணில் எழுதினால் 00110000. ‘7’ என்ற எழுத்தின் 55-ஐ எழுதினால் 00110111. அதன் கடைசி நான்கு பிட்டுகளான 0111 என்பதே ஏழு. எழுத்துக்குள்ளேயே அதன் மதிப்பை வைத்துத் தைத்திருக்கும் இந்த அமைப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இனி இலக்கங்களை எண்ணாகக் கோக்க வேண்டும். நாம் 12500000 என்ற எண்ணைப் பார்த்தால் இலட்சமா கோடியா என்று சொல்வதற்கு முன் வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை எண்ணிப் பார்க்கிறோம். கணினிக்கு அந்த வேலை தேவையில்லை. கையில் 0 வைத்துக்கொண்டு தொடங்குகிறது. ஒவ்வோர் இலக்கம் வரும்போதும் கையிலிருப்பதைப் பத்தால் பெருக்கிப் புதியதைக் கூட்டிக்கொள்கிறது. 4 வந்ததும் கையில் 4. 7 வந்ததும் 40-உடன் 7 சேர்ந்து 47. 5 வந்ததும் 470-உடன் 5 சேர்ந்து 475. எண் எத்தனை இலக்கம் நீளும் என்று முன்கூட்டித் தெரியாமலே, இடமிருந்து வலமாக ஒரே நடையில் முடிந்துவிடுகிறது. மாற்றித் தரும் ஆயத்தக் கட்டளையை மனப்பாடம் செய்யும் முன், மாணவர்கள் இந்தச் சுழற்சியை ஒரு முறையாவது தாங்களே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ் இலக்கங்களுக்கும் இந்த வழி பொருந்தும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு குறியீட்டில் ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055 வரை வரிசையாக இருப்பதால், 48-க்குப் பதிலாக 3046-ஐக் கழித்தால் போதும். ௪௭௫ என்று எழுதிக் கொடுத்தாலும் பைத்தான் 475 என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய முறைப்படி ௪௱௭௰௫ என்று எழுதினால் ஏற்காது, ஏனெனில் ௱, ௰ ஆகியவை இலக்கங்கள் அல்ல. முன்னே நிற்பதை நூறாலும் பத்தாலும் பெருக்கச் சொல்லும் குறிகள். அதைப் படிக்கத் தனி நிரல் எழுத வேண்டும்.

பின்னங்களில் சிக்கல் அதிகம். 0.1 என்பது இருமத்தில் முடிவின்றி நீளுமாதலால் கணினி அதைத் தோராயமாகவே வைத்துக்கொள்ளும். ஆகவே விலையை ரூபாயில் வைக்காமல் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பதே பாதுகாப்பு.

மாணவியின் கோப்பில் மூன்றாவது வரி 1,250 என்று காற்புள்ளியோடு இருக்கிறது. பைத்தானிடம் அதை அப்படியே முழு எண்ணாக மாற்றச் சொன்னால் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். சி மொழியின் பழைய ‘ஏடிஓஐ’ செயற்கூறோ, இலக்கமல்லாத எழுத்தைக் கண்டதும் அதுவரை சேர்த்ததைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். அப்போது 1,250 கிலோ மாங்காய் ஒரு கிலோ ஆகிவிடும். பார்ப்பதற்குச் சரியான விடைபோலவே இருக்கும் தவறான விடையைவிட, பாதியில் நின்றுவிடும் நிரல் எத்தனையோ மேல். எனவே ஒவ்வொரு வரியிலும் முதலில் காற்புள்ளியை நீக்கி, பிறகு எண்ணாக மாற்றி, அதன் பின்பே கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த மூன்று வரிகளுக்கும் 2105 கிலோ என்று வரும்.