பார்ட்னர்ஷிப்: கூட்டா, பங்கா?

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊரில், மகளிர் குழுக்களுக்காக நடந்த கூட்டம் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். இமயமலைச் சிற்றூர்களில் ஊர்மக்களும் வெளி நிறுவனங்களும் சேர்ந்து வறுமையைக் குறைத்த கதையைத் திரையில் காட்டினார்கள். தலைப்பு என் கைவண்ணம்: ‘சமுதாயக் கூட்டாண்மை வாயிலாக மலைப்பகுதி வறுமை ஒழிப்பு’. ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி பார்ட்னர்ஷிப்’ என்று இருந்ததை அகராதி பார்த்துப் பிழையின்றிப் பெயர்த்திருப்பதாகவே நினைத்திருந்தேன். கடற்பாசி எடுக்கப் போகும் மூத்த அம்மாள் ஒருவர், “கூட்டாண்மைன்னா என்ன தம்பி? அதுல அவுக பங்கு எவ்வளவு, எங்க பங்கு எவ்வளவு? நட்டம் வந்தா யாரு தலையில?” என்று கேட்டார். ஏற்ற தமிழ்ச்சொல் அவர் கேள்விக்குள்ளேயே இருந்தது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

‘பார்ட்னர்’ என்னும் ஆங்கிலச் சொல் வணிகத்திலிருந்து பிறந்ததன்று. அதன் பழைய வடிவம் ‘பார்சனர்’; பிரிவினை, பாகம் ஆகியவற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரே சொத்தில் உரிமையுள்ள உடன்வாரிசு என்பதே அதன் முதற்பொருள். பாகம் என்று பொருள்படும் ‘பார்ட்’ என்ற சொல்லின் சாயல் படிந்து ‘பார்ட்னர்’ என்று திரிந்தது. இந்துக் குடும்பச் சொத்து வழக்குகளில் இன்றும் வழங்கும் ‘கோபார்சனர்’ என்ற சொல்லில் அந்தப் பழைய வடிவம் அப்படியே தங்கியிருக்கிறது. உடன்வாரிசுக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதில்லை. பங்காளி என்பதுதான் அது. இருமொழிகளும் ஒன்றையொன்று பாராமல் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன.

பங்கு என்பது ‘பகு’ என்னும் வேரில் கிளைத்தது. பகுதி, பகிர்வு, பகுப்பு ஆகியவை அதன் உடன்பிறப்புகள்; பிரிந்து நிற்றலைக் குறிக்கும் பகையும் அந்த வேரில் தோன்றியதே. சொத்து பிரியும்போது பங்காளி பகையாளி ஆவதைக் கண்ட தமிழர், அண்ணன் தம்பி வகையறாவின் பொறாமைக்குப் ‘பங்காளிக் காய்ச்சல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயினும் பங்கு என்ற சொல்லில் கசப்பு மட்டும் இல்லை. உமையைத் தன் உடம்பில் பாதியாகக் கொண்ட சிவனைத் தேவாரம் பங்கன் என்கிறது. அங்கே பங்கு என்பது பிரிக்க முடியாத பாதி. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களின் கத்தோலிக்கர்கள் தங்கள் ஆலயத்துக்கு உட்பட்ட மக்கள் வட்டத்தைப் பங்கு என்றும், அதன் குருவைப் பங்குத்தந்தை என்றும் அழைக்கிறார்கள். தென்மாவட்ட இளைஞர்கள் நண்பனைத் தோளில் தட்டி “என்ன பங்கு” என்கிறார்கள். சொத்துக்கும் சாமிக்கும் நட்புக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் இக்கரையில் பங்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மீன்பாடுதான். நாட்டுப்படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போனபின், வந்த தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு வைப்பார்கள். படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. கடலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் பங்கு உண்டு. எதற்கு எத்தனை என்பது ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். மாறாத ஒன்று, மீன் படாத நாளில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்பது: ஆளுக்கு உழைப்பு வீண், படகுக்காரருக்கு டீசல் காசு வீண். இந்த நட்டத்தில் நிற்பவர்தான் பங்குக்கு உரியவர். படகு வாங்கவோ வலை வாங்கவோ முன்பணம் கொடுத்து, அதற்கு ஈடாக மீனைத் தனக்கே தர வேண்டும் என்று கட்டிப்போடும் வியாபாரியின் பணமும் அந்தத் தொழிலில்தான் கிடக்கிறது. சில படகுகளில் அவர் பணமே பெரும்பணம். இருந்தாலும் கரையில் யாரும் அவரைப் பங்காளி என்று சொல்வதில்லை. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அவருடைய கடன் அப்படியே நிற்கிறது அல்லவா? பணம் போடுவது வேறு, பங்கு வைப்பது வேறு என்ற இந்த நுட்பத்தை எந்த அகராதியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொரு வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நீண்டகாலமாக இருந்த மோதலைத் தணிக்க, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளும் நான்கு நாள் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போவது என்ற ஏற்பாடு வந்தது. மண்ணைப் பிரிக்கலாம், நீரைப் பிரிக்க முடியாது. ஆகவே நாளைப் பிரித்தார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் இதே வகையைச் சேர்ந்தது. அங்கே பங்கு கேட்டது மீண்டும் வளர வேண்டிய பாசி. கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் முறையில், கட்டிய நாளிலிருந்து 45 நாளில் அறுவடை என்ற கணக்கு இருப்பதால், ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒன்று கரையேறும் என்று பங்கிட்டுக்கொள்ள முடிந்தது.

இனி ‘கூட்டு’. கூடு என்னும் வினையிலிருந்து வந்த இச்சொல் சேர்ந்திருத்தலைச் சொல்கிறதேயன்றிச் சேர்ந்தபின் யாருக்கு என்ன என்பதைச் சொல்வதில்லை. சமையலில் கூட்டு என்றால் காயும் பருப்பும் கலந்து தனித்தனியே அடையாளம் தெரியாமற் போவது. கூட்டாளி என்பது இக்கரைப் பேச்சில் பெரும்பாலும் நண்பன். காவல்துறைச் செய்திகளில் உடன்குற்றவாளி. ஆட்சித்தமிழ் இந்தக் ‘கூட்டு’ என்பதோடு ‘ஆண்மை’யைச் சேர்த்துக் கூட்டாண்மை என்று ஆக்கியது. இந்த ஆண்மை ஆணைக் குறிப்பதன்று. ஆள் என்னும் வினையடியிலிருந்து மேலாண்மை என்பதில் வருவதைப் போல வருவது. ஆனாலும் முழுக்க முழுக்கப் பெண்களே நடத்தும் குழுவின் பதாகையில் அதைப் படிக்கும்போது ஒரு நொடி இடறத்தான் செய்கிறது.

சட்டத்தில் இச்சொல் வேரூன்றிவிட்டது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், எல்லோருமோ எல்லோருக்காகவும் சிலரோ நடத்தும் தொழிலின் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களிடையே உள்ள உறவு என்று அதை வரையறுக்கிறது. தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பு என்றும் சொல்கிறது. ஆக, கூட்டாண்மை என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் அச்சட்டத்தின் உயிர் பங்கில்தான் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் 17ஆவதாக வைத்த பார்ட்னர்ஷிப் அத்தகையதன்று. அதில் இலாபமும் இல்லை, கடன்பொறுப்பும் இல்லை. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் குறிக்கும்போது பின்னதற்கு முன்னதன் மதிப்பு இனாமாகக் கிடைத்துவிடுகிறது.

‘கம்யூனிட்டி’ இதைவிடச் சிக்கலானது. அதற்குச் சமூகம், சமுதாயம் என்ற இரண்டு சொற்களை வைத்திருக்கிறோம். இரண்டும் வடமொழி வழி வந்தவை, இரண்டுக்கும் திரள் என்பதே பொருள். புத்தகத்தில் எப்படியோ, இராமநாதபுரம் மாவட்டத்தில் “நீங்க எந்தச் சமூகம்?” என்று கேட்டால் சாதியைத்தான் கேட்கிறார்கள், சமுதாயக் கூடம் என்ற பலகை தொங்கும் கட்டடமும் பல ஊர்களில் ஒரு சாதியாருக்கு உரியது. இந்த நிலையில் ‘சமுதாயக் கூட்டாண்மை’ என்று எழுதினால், சாதிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. கரையில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ஊர். ஊர் கூடியது, ஊர்க் கட்டுப்பாடு, ஊர்ப்பணம் என்று அது ஓர் ஆளைப்போலவே வினை செய்யும். அதன் அலகு தலைக்கட்டு: திருமணமாகித் தனியே அடுப்பு மூட்டிய ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு, திருவிழாவுக்கு அந்தக் கணக்கில்தான் வரி. கணவனை இழந்த பெண்ணின் குடும்பத்துக்கு முழு வரியா, பாதியா, விலக்கா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு மாறுகிறது. வரி இல்லாதவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இல்லை என்ற குறையையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தால் அங்கே நடந்தது துலக்கமாகிறது. 1982இல் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் வட பாகிஸ்தானின் கில்கித் பகுதியில் தொடங்கியது. முதல் பொது மேலாளர் ஷோயப் சுல்தான் கான் ஊர் ஊராகப் போய் முன்வைத்த உடன்பாடு எளிமையானது: வீடுகள் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்க வேண்டும், தவறாமல் கூட வேண்டும், கூடும்போதெல்லாம் சேமிக்க வேண்டும், அப்படிச் செய்தால் ஊரே தேர்ந்தெடுக்கும் ஒரு வேலைக்கு, பெரும்பாலும் பனிநீர்க் கால்வாய்க்கோ இணைப்புச் சாலைக்கோ, திட்டம் பணம் தரும், கட்டுவது ஊர், பிறகு பராமரிப்பதும் ஊர். இரு தரப்பும் என்ன வைக்க வேண்டும் என்பது முதல் நாளே பேசப்பட்டதால் அதைப் பங்கு என்று தயங்காமல் சொல்லலாம். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டின் வனச்சட்டம் காட்டைப் பராமரித்துப் பயன்கொள்ளும் உரிமையைப் பயனாளர் குழுக்களுக்குக் கொடுத்தது. நிலம் அரசினுடையதாகவே இருந்தது. குழுவின் வருமானத்தில் குறைந்தது 25 விழுக்காடு காட்டுக்கே திரும்ப வேண்டும் என்றும், 35 விழுக்காடு ஏழைகளுக்கான பணிகளுக்குப் போக வேண்டும் என்றும் பின்னர் விதித்தார்கள். காட்டுக்கும் ஒரு பங்கு என்பது, படகுக்கும் வலைக்கும் பங்கு வைக்கும் நம் கரைக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

கில்கித்தில் வழங்கும் உருதுவில் பார்ட்னர்ஷிப் என்பது ஷராகத். அதன் அரபு வேரிலிருந்துதான் இறைவனுக்கு வேறொன்றைப் பங்காக்குவதைக் குறிக்கும் ஷிர்க் என்ற சொல்லும் வருகிறது. கீழக்கரை, பெரியபட்டினம் முஸ்லிம்கள் அதை இணைவைத்தல் என்று தமிழாக்கிப் பேசுகிறார்கள். ‘இணை’ அழகான சொல்தான், ஆனால் அது சமமானவர்களைக் குறிக்கிறது. பணம் தரும் நிறுவனமும் பாசி எடுக்கும் பெண்ணும் சமம் என்று எழுதிவிடுவதால் சமமாகிவிட மாட்டார்கள். பங்கில் சமம் இருக்க வேண்டியதில்லை, கணக்கு இருந்தால் போதும்.

இந்த மலை அனுபவம் நம் கரைக்கு வந்த பாதை சுற்றுப்பாதை. ஷோயப் சுல்தான் கான் 1990களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் தெற்காசிய வறுமைத் தணிப்பு முயற்சியை வழிநடத்தினார். ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில் அது மகளிர் குழுக்களாக வேர்பிடித்தது. அந்த அனுபவம் 2011இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துக்கு உரமாயிற்று. இன்று ஊராட்சிதோறும் இருக்கும் குழுக்களின் கூட்டமைப்பு அந்த வழியில் வந்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1992-93இல் இராமநாதபுரத்துக்கு வந்துவிட்டதால், ‘குழு’ என்ற சொல் இங்கே புதிதாகப் படவில்லை.

நம்மிடமே பழைய சொல் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம்: குடிமராமத்து. குடி தமிழ், பழுதுபார்த்தலைக் குறிக்கும் மராமத்து அரபியிலிருந்து பாரசீக வழியாக வந்தது. கண்மாய் மாவட்டமான இராமநாதபுரத்தில், நாரை பறக்காத 48 மடை என்று பேர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய் முதல் சிறு ஊருணி வரை, தூர் வாருவதும் கரை கட்டுவதும் ஊராரின் உழைப்பில் நடந்த காலம் உண்டு. மலையில் கூல் என்னும் கால்வாயைக் காப்பதும் இங்கே நீர்பாய்ச்சி எனப்படும் ஊர்ப் பாசன ஆள் மடை திறப்பதும் ஒரே வகை வேலைதான். ஆனால் 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, வழக்கமாக இருந்ததைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. தமிழக அரசு 2017இல் பெயரை மீட்டெடுத்துத் திட்டமாக்கியபோது அது பெரும்பாலும் ஒப்பந்த வேலையின் மொழிக்குள் போய்விட்டது. குடிமராமத்து ஊரின் கடமையைச் சொல்கிறது, எதிர்த்தரப்பின் கடமையைச் சொல்லவில்லை. அதனால் பார்ட்னர்ஷிப்புக்கு அது நிகராகாது.

‘அலீவியேஷன்’ பற்றி ஒரு சொல் மட்டும். இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் பாரத்தை இலகுவாக்குதல். அதை ஒழிப்பு என்பது மிகை. தணிப்பு என்றால் சரியாக இருக்கும்.

எனவே சட்டத்துக்கும் வணிகத்துக்கும் கூட்டாண்மை இருக்கட்டும். ஊரும் வெளியாரும் பொருள், உழைப்பு, நட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஏற்கும் ஏற்பாட்டுக்கு ‘ஊர்ப்பங்கு’ என்பதையும், கட்டுரை நடை வேண்டுவோர்க்கு ‘ஊர்ப்பங்காண்மை’ என்பதையும் முன்மொழிகிறேன். நட்டத்தில் பங்கில்லாதவர்கள் சேர்ந்து செய்வது ஒத்துழைப்பு; அழைத்தபோது வந்து உட்கார்ந்திருப்பது பங்கேற்பு; ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்கினால் அது உதவி.

மகளிர் குழுக் கூட்டத்தை நடத்திய அந்த நிறுவனம் சென்ற மாதம் ஒரு சிற்றேட்டை மொழிபெயர்க்க அனுப்பியிருந்தது. அதில் பார்ட்னர்ஷிப் என்ற சொல் 11 இடங்களில் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் அந்த அம்மாளின் கேள்வியைக் கேட்டுப் பார்த்து, இரண்டு இடங்களில் ஊர்ப்பங்கு என்றும், மூன்றில் ஒத்துழைப்பு என்றும், மீதி ஆறில் உதவி என்றும் எழுதி அனுப்பினேன். அந்த ஆறையும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.