கருப்பைத் திசு அல்ல, சினைப்பைத் திசு

‘ஓவேரியன் டிஷ்யூ கிரையோபிரிசர்வேஷன்’ என்ற மருத்துவச் சொல்லுக்கு ‘கருப்பைத் திசு உறைபனிப் பதப்படுத்தல்’ என்ற தொடரை நலவாழ்வுக் கட்டுரைகளில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதில் பழுதில்லாத சொல் ‘திசு’ ஒன்றுதான். இழையம் என்றாலும் நன்றே.

கிரேக்கத்தில் ‘கிரையோஸ்’ என்றால் கடுங்குளிர். லத்தீனில் ‘ஓவம்’ என்றால் முட்டை. மருத்துவர்கள் சொல்வது முட்டை விளையும் உறுப்பை, கருவைச் சுமக்கும் உறுப்பை அல்ல. புற்றுநோய்க்கான வேதிமருந்தும் கதிர்வீச்சும் சினைப்பையில் உள்ள முட்டைகளை அழித்துவிடக்கூடும். அதனால் சிகிச்சைக்கு முன்பே லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவை மூலம் சினைப்பையின் புறணியை, அதாவது வெளியடுக்கை, எடுத்து, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். நோய் நீங்கியபின் அதை உடலில் மீண்டும் பொருத்துகிறார்கள். இவ்வழியில் பிறந்த முதல் குழந்தை பற்றிய அறிக்கை 2004இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது.

இதில் கருப்பைக்கு என்ன வேலை? எதுவுமில்லை. ‘கருப்பைத் திசு’ என்று படிக்கும் தாய், தன் மகளின் கருப்பையை வெட்டப்போகிறார்கள் என்றுதான் நினைப்பாள். பூப்படையாத சிறுமிகளுக்கு முட்டையைத் தூண்டி எடுத்து உறையவைக்க முடியாது. அவர்களுக்கு உள்ள வழி இது. அந்த வீட்டில் போய் உறுப்பின் பெயரை மாற்றிச் சொல்வது பெருங்கேடு.

‘சூலகம்’ என்பார் உண்டு. அழகிய சொல்தான், ஆனால் அதைக் கேட்டதும் பலருக்குத் தாவரவியல் பாடத்துப் பூ நினைவுக்கு வரும். பாடநூலின் ‘அண்டகம்’ வகுப்பறையைத் தாண்டவில்லை. ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று பெண்கள் அன்றாடம் சொல்கிறார்கள். சினை முட்டையையும் குறிக்கும், கருவையும் குறிக்கும். மீன் சினை அறியாதவர் யார்? சினைப்பையே போதும்.

அடுத்தது ‘பதப்படுத்தல்’. தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். இரண்டிலும் உயிர் போயிருக்கிறது. இங்கே நோக்கமே நேர்மாறானது. திசு உயிரோடு இருக்க வேண்டும், திரும்பப் பொருத்தியதும் இயக்குநீர் (ஹார்மோன்) சுரக்க வேண்டும், மாதவிடாய் திரும்ப வேண்டும். ‘உறைபனி’ அதைவிட மோசம். அது புல்வெளியில் படிவது. உயிரணுவுக்குள் உருவாகும் பனிப்படிகம் சவ்வைக் கிழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் காப்புக் கரைசலில் ஊறவைத்து, அளந்து குளிர்விக்கிறார்கள். எதைத் தவிர்க்கப் பாடுபடுகிறார்களோ அதையே முறைக்குப் பெயராக வைப்பதா?

‘உறைகாப்பு’ என்று சுருக்கலாமே என்பார்கள். சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் உறை என்றால் மூடுவதும் ஆகும். கருத்தடை ‘ஆணுறை’ புழங்கும் துறையில் ‘உறைகாப்பு’ நேர் எதிரான பொருள் தந்துவிடும். ‘உறைநிலைக் காப்பு’ என்றால் அந்த மயக்கம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்குமுன் உடலின் படத்தைத் திறந்து பார்த்தால் பாதிப் பிழை குறையும். ‘கருவுறுதல் பாதுகாப்பு’ என்ற இன்னொரு தொடரும் இப்படி வந்ததே. கருவுறுதல் ஒரு நிகழ்வு. காக்கப்படுவது கருவுறும் திறன். ‘திறன்’ என்ற ஒரு சொல்லை விட்டதில் பொருளே போய்விட்டது.

சினைப்பைத் திசு உறைநிலைக் காப்பு: இப்படியே எழுதுங்கள். முட்டையை மட்டும் எடுத்து வைத்தால் அது முட்டை உறைநிலைக் காப்பு. இரண்டும் வெவ்வேறு சிகிச்சைகள். இசைவுப் படிவத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக்கூடாது.