பாசிக்குடாவில் கண்ட இளவரசன், வீடு திரும்பிய பிறகு

ஏப்ரலில் கிழக்கிலங்கைக் கடல் அடங்கியதும் பாசிக்குடாவுக்கு வான் பிடித்துப் போகிற குடும்பங்கள் பெருகிவிடும். அறுகம்பேயில் அலைச்சறுக்குச் சீசன் ஒக்டோபர் வரை ஓடும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், ஓகஸ்ட் விடுமுறைக்குச் சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள், வெள்ளைக்காரப் பயணிகள் என்று எல்லாரும் ஒரே மணலில்தான் நடக்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயதில் அங்கே ஒரு பார்வை, ஒரு செல்ஃபி, ஒரு நம்பர் கைமாறுவது புதினமல்ல. பாடசாலை திறந்ததும் அநேகமானவை தாமாகவே வற்றிப் போகும். அவற்றுக்கு ஆலோசகரும் வேண்டாம், பொலிசும் வேண்டாம்.

எங்களிடம் முறைப்பாடாக வருபவை வேறு வகை. அவற்றில் எதிர்ப்பக்கம் இருப்பவன் சாதாரணப் பையனல்ல, ஏதோ ஒரு விதத்தில் இளவரசன். வளைகுடா நாட்டு அரச குடும்பத்துப் பிள்ளை என்பான். அல்லது ஐரோப்பாவில் மூன்று கடை வைத்திருப்பவரின் ஒரே மகன் என்பான். உள்ளூரில் கிடைத்தால் "இந்த ஹோட்டலே எங்கட மாமாட" என்பான். கிரீடம் மாறினாலும் அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான்.

முதலில் ஒரு விடயம் பெற்றோருக்கு விளங்க வேண்டும். இந்த இளவரசன் பல வேளைகளில் கடற்கரைக்கு வந்ததே கிடையாது. பிள்ளை பாசிக்குடாவில் எடுத்த படத்தை இடத்தின் பெயரோடு, யாரும் பார்க்கக்கூடிய இன்ஸ்டகிராம் கணக்கில் போடுகிறாள். அன்றிரவே ஒரு செய்தி வருகிறது: "நானும் அங்கேதான் தங்கியிருந்தேன், நீல உடுப்போடு உன்னைக் கண்டேன், பேசத் துணிவு வரவில்லை." நீல உடுப்பு படத்திலேயே இருக்கிறது. பின்னால் தெரிகிற நீச்சல் தடாகத்தை வைத்து ஹோட்டலைக் கண்டுபிடிப்பதும் பெரிய வேலையல்ல. பிள்ளைக்கோ விதி கொண்டுவந்து சேர்த்த மாதிரி இருக்கும். அதனால் பயணத்துக்கு முன் செய்ய வேண்டியது இரண்டே வேலை: கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுவது, இடப் பெயரோடு போடும் படங்களை வீடு வந்து சேர்ந்த பிறகு போடுவது.

உண்மையான இளவரசர்கள் சாதாரணப் பெண்களைக் காதலித்ததில்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நேரம், அங்கே ஒரு மதுவிடுதியில் டென்மார்க்கின் முடிக்குரிய இளவரசர் பிரடெரிக், மேரி டொனால்ட்சன் என்ற அவுஸ்திரேலியப் பெண்ணைச் சந்தித்தார். தன்னை "பிரெட்" என்று மட்டும்தான் சொன்னார். அவர் யாரென்பது அவளுக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியவந்தது. அவருக்கு வயது 32, அவளுக்கு 28. 2004இல் கலியாணம். 2024 ஜனவரியில் அவர் அரசரானார். இதில் கவனிக்க வேண்டியவை: இருவரும் வளர்ந்தவர்கள், அவர் பட்டத்தைச் சொல்லிக்கொள்ளவில்லை, கலியாணம் வரை ஆண்டுகள் எடுத்தன.

போலியின் போக்கு இதற்கு நேர் எதிர். நம்முடைய கூத்துக் களரியில் அரசன் வரவுப் பாட்டிலேயே தன் குலத்தையும் கொடியையும் தானே பாடிவிடுவான், அதற்கு முன் கட்டியகாரன் வந்து கட்டியம் கூறுவான். போலி இளவரசனும் அப்படித்தான். முதல் நாளே பட்டம், மாளிகை, குதிரை, கார். அடுத்த வாரம் "இளவரசரின் செயலாளர்" வேறொரு நம்பரிலிருந்து பேசுவார். டுபாய் முடிக்குரிய இளவரசரின் படங்களையும் பெயரையும் வைத்துப் பல நாடுகளில் இந்த ஏமாற்று நடந்திருக்கிறது. பெரியவர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் அந்தனி ஜிக்னாக் என்பவர் சவூதி இளவரசராக நடித்து முதலீட்டாளர்களிடம் ஏறத்தாழ எண்பது இலட்சம் டொலரைச் சுருட்டினார். கொலம்பியாவில் பிறந்து மிச்சிகனில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் அவர். பன்றியிறைச்சியை விரும்பிச் சாப்பிட்டதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. 2019இல் 18 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. காசுக் கணக்குத் தெரிந்தவர்களே ஏமாந்த இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளையை "உனக்குப் புத்தி எங்கே போனது" என்று கேட்பதில் பயனில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: அவனுடைய படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, படத்தை வைத்துத் தேடுகிற கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே முகம் வேறு பெயரில், வேறு நாட்டில் வந்தால் கதை முடிந்தது. ஒன்றும் வராவிட்டால் அவன் நல்லவன் என்று அர்த்தமில்லை. பூட்டிய கணக்குகளிலிருந்து எடுத்த படங்கள் தேடலில் வராது. வீடியோ அழைப்பில் முகம் தெரிந்தாலும் அது முழு நம்பிக்கைக்குப் போதாது, முகத்தை மாற்றிக் காட்டும் செயலிகள் இப்போது சாதாரண கைபேசியிலேயே ஓடுகின்றன. முகத்தை விடக் கேள்விகளைக் கவனிப்பது நல்லது. "நம்ம விசயத்தை யாருக்கும் சொல்லாதே" என்பது முதலில் வரும். இன்ஸ்டகிராமிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறச் சொல்வது அடுத்தது. பிறகு படம், அல்லது காசு. இரகசியத்தைக் கேட்ட இடத்திலேயே பிள்ளை நின்றுவிட்டால் மற்றவை வராது.

படம்தான் எங்களிடம் வரும் முறைப்பாடுகளில் மிகச் சிக்கலானது. "ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பு" என்பான். அந்த வசதி ஸ்கிரீன்ஷொட்டைத் தடுக்கலாம், ஆனால் பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துப் படமெடுப்பதைத் தடுக்காது. வீடியோ அழைப்பையும் அப்படியே பதியலாம். பதிவு கைக்கு வந்ததும் குரல் மாறும். பிள்ளையின் நண்பர் பட்டியலை எடுத்து அனுப்பி, "இத்தனை மணிக்குள் காசு போடு, இல்லாவிட்டால் உன் டியூசன் குறூப்புக்குப் போகும்" என்று வரும். பையன்கள் இதில் பாதுகாப்பானவர்கள் என்று எண்ண வேண்டாம். காசு பறிக்கும் மிரட்டல் அதிகமாகக் குறிவைப்பது ஆண் பிள்ளைகளைத்தான். அவர்களுக்கு வருவது இளவரசி, அறுகம்பேயில் சேர்ஃப் பண்ண வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர்கள் பெண் பிள்ளைகளை விடத் தாமதமாகத்தான் வாயைத் திறக்கிறார்கள்.

மிரட்டல் வந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு முக்கியம். காசு போடக் கூடாது. போட்டால் நிற்கும் என்பது பொய். ஒருமுறை போட்டவர் இன்னும் போடுவார் என்றுதான் அவன் கணக்குப் போடுகிறான். பதில் எழுதுவதை நிறுத்த வேண்டும், கெஞ்சவும் கூடாது, ஏசவும் கூடாது. உரையாடலை அழிக்கக் கூடாது. வெட்கத்தில் பிள்ளையோ கோபத்தில் தகப்பனோ முதலில் செய்வது அதைத்தான், அதோடு வழக்கு பலமிழந்துவிடும். அவனுடைய கணக்குப் பக்கம், பயனர்பெயர், தொலைபேசி எண், மிரட்டிய செய்திகள் ஆகியவற்றைத் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கணக்கின் இணைப்பைத் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் அவன் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பான். காசு போட்டிருந்தால் வங்கிச் சிட்டையையும் கணக்கு இலக்கத்தையும் சேர்த்து வையுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் "ஆதாரம்" என்று இன்னொரு போனுக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை எடுப்பது, பரப்புவது, வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ் குற்றம். அது இருக்கிற போனிலேயே இருக்கட்டும், பொலிஸ் பார்த்துக்கொள்ளும்.

இவற்றை எடுத்து வைத்த பிறகு அவனைச் செயலியிலேயே முறையிட்டுத் தடுக்கலாம். படம் பரவாமலிருக்க "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு அது பொருந்தும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாக்கும் ஓர் இலக்கக் கைரேகை மட்டும் போகும், அதை வைத்து இச்சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தை அடையாளம் கண்டு நீக்கும். வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கைமாறுவதை இது தடுக்காது. வயது வந்தவர்களுக்கு "ஸ்டாப் என்சிஐஐ" (StopNCII) என்ற சேவை அதே முறையில் இயங்குகிறது.

அறிவிக்க, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, தமிழில் பேசலாம். பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109, பெண்களுக்கான உதவிக்கு 1938, இணையக் கணக்குப் பறிபோனால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட்டின் (CERT) 101. நேரே போவதென்றால் பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸ் நிலையத்தை விட அங்கே பிள்ளை எளிதாக வாய் திறக்கும்.

பரிசுப் பொதி ஏமாற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை. இளவரசன் ஐபோன், நகை, பவுண் நோட்டு என்று ஒரு பொதியின் படத்தை அனுப்புவான். இரண்டு நாளில் "சுங்கத்திலிருந்து" ஒரு பெண் பேசி, தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்கைக் கொடுப்பார். இலங்கைச் சுங்கம் யாருடைய தனிப்பட்ட கணக்கிலும் தீர்வை வாங்காது. இரண்டாவது தடவை கேட்கும் தொகை எப்போதும் பெரிது, அம்மாவின் தோடு அடகுக்குப் போகிற கட்டம் அது.

நேரில் சந்திப்பது நடந்துவிட்டால் விடயம் வேறு. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையுடன் உடலுறவு, அவள் விரும்பியிருந்தாலும், 363ஆம் பிரிவின்படி வன்புணர்வு. ஏதாவது நடந்தது என்று தெரிந்தால் குளிக்க வைக்காதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். உடுத்திருந்தவற்றைப் பேப்பர் பையில் போடுங்கள். பொலித்தீனில் கட்டினால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடித்து ஆதாரம் பழுதாகும். குளித்துவிட்டாள் என்றாலும் போங்கள், பார்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ நேரே கொண்டு போகலாம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. "நாளைக்கு விடியட்டும்" என்று இருக்கிற இரவு இந்தக் கணக்கில் பெரிய இழப்பு.

வீட்டில் எப்படிக் கேட்பது என்பதுதான் பெற்றோர் எங்களிடம் அதிகம் கேட்பது. அறிகுறி பெரும்பாலும் சின்னது. போனைக் கவிழ்த்து வைக்கிறாள், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி இருக்கிறாள், ரீலோட் காசு கேட்பது கூடியிருக்கிறது. "யாரோட பேசுற, போனைத் தா" என்று தொடங்கினால் அந்தக் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும். "என்ன மனே, முகம் வாடிக் கிடக்கு? யாரும் வெருட்டுறாங்களா? சொல்லு, நான் ஏசமாட்டன்" என்று கேளுங்கள். ஏசமாட்டேன் என்றால் ஏசக் கூடாது, அன்றைக்கும் கூடாது, அடுத்த மாதம் பெறுபேறு வரும்போதும் கூடாது. மிரட்டுகிறவனுக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஒரே பலவீனம் உங்கள் கோபம்தான். "அம்மாவுக்கு அனுப்புவேன்" என்ற ஒரு வரியில் அவன் காசு பார்க்கிறான். அம்மாவுக்கு ஏற்கனவே தெரியும் என்றால் அந்த வரி செல்லாது. பிள்ளை உயிரை மாய்ப்பது பற்றிப் பேசினால், விளையாட்டாகச் சொன்னாலும், இரவு தனியே விடாதீர்கள். தேசிய மனநலத் தொலைபேசி உதவி 1926.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இளவரசன் சுவிஸ் மாப்பிள்ளையாக இருந்தால் வீடே அவனுக்கு முடி சூட்டிவிடும். வாடகைக் காரில் வந்து ஒரு கிழமை தங்கிய பையனின் வயது, வேலை, முன்பு கலியாணம் முடித்தானா என்பவற்றை விசாரிக்காமலே, அவன் பேச்சை நம்பிப் பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பிய குடும்பங்கள் உண்டு. வதிவிட அட்டை, கடவுச்சீட்டு, அங்குள்ள பதிவு அலுவலகத்திலிருந்து மணமாகாதவர் என்ற சான்று, இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. உண்மையாக வந்தவன் கொடுப்பான். பொதுச் சட்டத்தின் கீழ் விவாக வயது 1995 முதல் 18. கைமீறிப் போன விடயத்தைக் கோயிலில் தாலி கட்டி மூடிவிடலாம் என்று மாமன், சித்தப்பா கூடிப் பேசுவார்கள். தாலி ஏறினாலும் அந்த வயதில் அது பதிவாகாது, பிள்ளை 16க்குக் கீழ் என்றால் நடந்த குற்றமும் அழியாது. சமாதானமாகப் பேசி வாங்கிய காசோ, எழுதி வாங்கிய கடிதமோ நீதிமன்றத்தில் அவனைக் காப்பாற்றாது. முறைப்பாட்டை மறைக்க உதவியவர்கள்தான் அதற்குப் பிறகு பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.