அத்லெட் என்றால் ஓடுகிறவர் மட்டும்தானா?

"சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தடகள வீரர்கள் ஆணையம்." அத்லெட்ஸ் கமிஷன் என்பதன் தமிழாக்கமான இந்தத் தொடரை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் கேட்டேன். 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, ஒவ்வொரு தேசிய விளையாட்டு அமைப்பிலும் 'தடகளக் குழு' இருக்க வேண்டும் என்று ஒரு செய்தி வாசித்தார்கள். வில்வித்தைச் சங்கத்துக்குள் தடகளக் குழு என்ன செய்யும் என்று வாசித்தவருக்கும் தோன்றவில்லை, எழுதிக் கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

மூலச் சொல் அத்லெட். கிரேக்கத்தில் ஆத்லோஸ் என்றால் போட்டி, ஆத்லோன் என்றால் போட்டியில் வெல்லும் பரிசு. பரிசுக்காகப் போட்டியிடுகிறவர் அத்லெட்டெஸ். மல்யுத்தம் செய்தவரும் குத்துச்சண்டை போட்டவரும் அதில் அடக்கம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் அது ஓட்டம், தாண்டுதல், எறிதல் பக்கமாகச் சுருங்கியது. அமெரிக்கர்கள் எந்த விளையாட்டு ஆடுகிறவரையும் அப்படிச் சொல்கிறார்கள். ஒலிம்பிக் அமைப்புகள் கையாள்வது விரிந்த பொருளை. நமக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஆங்கிலம் பிரிட்டிஷ் ஆங்கிலம், அதனால் அத்லெட் என்றதும் கை தானாகத் 'தடகளம்' என்று எழுதிவிடுகிறது. வரலாறு இவ்வளவுதான்.

தடகளம் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. தடத்தில் ஓடுகிறார்கள், களத்தில் எறிகிறார்கள், தாண்டுகிறார்கள். தடமும் களமும் சேர்ந்து தடகளம். கச்சிதமான ஆக்கம். அது தன் வேலையைச் செய்யட்டும், அடுத்தவர் வேலையை ஏன் அதன் தலையில் கட்ட வேண்டும்?

கட்டினால் என்ன ஆகிறது என்பதற்கு நம் நாட்டுப் பட்டியலே போதும். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் அத்லெட்ஸ் கமிஷனுக்கு 2022 நவம்பரில் பத்துப் பேர் தேர்வானார்கள். மேரி கோம் குத்துச்சண்டை, சிந்து பேட்மிண்டன், மீராபாய் சானு பளுதூக்குதல், ராணி ராம்பால் ஹாக்கி, ககன் நாரங் துப்பாக்கி சுடுதல், சிவ கேசவன் பனிச்சறுக்கு வண்டி, பஜ்ரங் லால் துடுப்புப் படகு. நம் பக்கத்திலிருந்து வாள்வீச்சு பவானி தேவி, டேபிள் டென்னிஸ் சரத் கமல். பத்தாவது ஆள் ஓம் பிரகாஷ் கர்ஹானா, குண்டு எறிபவர். ஆக, 'தடகள' ஆணையத்தில் தடகளத்துக்காரர் ஒரே ஒருவர். சர்வதேசக் குழுவிலும் கதை வேறல்ல. 2024 பாரிசில் தேர்வான நால்வரில் அலிசன் ஃபெலிக்ஸ் ஓட்டக்காரர். மற்ற மூவர் ஜிம்னாஸ்டிக்ஸ், கேனோ படகு, டென்னிஸ் ஆடியவர்கள். 2018 முதல் அதில் இருந்த அபினவ் பிந்த்ரா துப்பாக்கி சுட்டுத் தங்கம் வாங்கியவர்.

எங்கள் பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பள்ளி மைதானம். வாலிபால் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் பி.டி. மாஷிடம் கேட்டான்: "மாஷே, ஒலிம்பிக்கில தடகளக்காரங்களுக்கு மட்டும்தான் ஓட்டாமே, வாலிபாலுக்கு இல்லையா?" மாஷ் மலையாளப் பத்திரிகை படிக்கிறவர். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லாருக்கும் உண்டுடா, யார் சொன்னது?" என்றார். ஒலிம்பிக்கில் பங்கேற்கும் எல்லா விளையாட்டுக்காரர்களும் 1996 அட்லாண்டாவிலிருந்து அந்தக் குழுவுக்கான தேர்தலில் வாக்களித்து வருகிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் அலட்சியமாக எழுதிய ஒரு பெயரடை, அந்தப் பையன் மனதில் வாலிபால்காரர்களின் வாக்குரிமையைப் பறித்துவிட்டது.

அடுத்த பாதி, 'ஆணையம்'. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழில் ஆணையம் என்றால் ஆணையிடும் அமைப்பு: தேர்தல் ஆணையம், மனித உரிமை ஆணையம். சட்டத்தின் பலம் உள்ளவை, சம்மன் அனுப்பக்கூடியவை. ஒலிம்பிக் கமிட்டியில் இருப்பது யோசனை சொல்லும் குழு. 1981இல் ஜெர்மனியின் பாடன் பாடனில் நடந்த ஒலிம்பிக் மாநாட்டில் விளையாட்டுக்காரர்களுக்கு முதன்முதலாகப் பேச இடம் கொடுத்தார்கள். ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோ பேசினார், வாள்வீச்சுக்காரர் தாமஸ் பாக் பேசினார். அந்த ஆண்டே குழு பிறந்தது. தேர்தலில் வென்றவர்கள் எட்டாண்டு கமிட்டி உறுப்பினராகவும் இருக்கிறார்கள், குழுவின் தலைவர் செயற்குழுவில் உட்காருகிறார். சரி, இது ஒன்றும் சின்ன விஷயமில்லை. 2018 முதல் 2021 வரை அதன் தலைவராக இருந்த நீச்சல்காரர் கிர்ஸ்டி கவென்ட்ரி 2025இல் ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவராகிவிட்டார். ஆனாலும் குழுவாக அது எதற்கும் ஆணையிட முடியாது. இது பிரதிநிதித்துவமா, பெயருக்கு ஒரு நாற்காலியா என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது, தொழிற்சங்கம்போல் பேரம் பேசும் உரிமை வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் படிப்பவருக்கு அந்த விவாதம் விளங்கவே வழியில்லை. 'ஆணையமே இருக்கிறதே, அப்புறம் என்ன குறை?' என்றுதான் கேட்பார். முன்பாதி ஆட்களைக் குறைத்துவிட்டது, பின்பாதி இல்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. இரண்டு சொல்லில் இரண்டு பொய்.

தடகளத்தை எடுத்துவிட்டு 'விளையாட்டு வீரர்' என்று போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு ஆகும், அன்றாடச் செய்திக்கு அது போதும் என்றும் ஒத்துக்கொள்கிறேன். உரிமை பற்றிய பேச்சில் எனக்கு அது நெருடுகிறது. வீரன் என்றதும் நமக்கு ராணுவம், தியாகம், நடுகல். வீரன் கூலி கேட்பானா, ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு பிடிக்கவில்லை என்பானா? வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நாட்டுக்காக ஆடுவான். விளையாட்டுச் சங்கத்து நிர்வாகிகளுக்கு இதைவிட வசதியான சொல் அகப்படாது. கிரேக்கச் சொல்லுக்குள் பரிசு இருக்கிறது, நம் சொல்லுக்குள் தியாகம் இருக்கிறது. காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்பதற்காக அமெரிக்கர் ஜிம் தோர்ப்பின் 1912 ஒலிம்பிக் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். தனி வெற்றியாளர் என்று அவர் பெயர் திரும்ப வந்தது 2022இல். அந்தப் பழைய 'காசு தொடாத உத்தமர்' கதையை வீரர் என்ற சொல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. உலகத் தடகளக் கூட்டமைப்பே (இங்கே தடகளம் சரி) பாரிசில் தங்கம் வென்றவர்களுக்குத் தலா 50,000 டாலர் கொடுத்துவிட்டது, நாம் இன்னும் நடுகல்லைவிட்டு நகரவில்லை.

பெண்பால் இன்னும் மோசம், 'வீராங்கனை'. அங்கனை என்றால் அழகிய அங்கங்களை உடையவள். ஓட்டக்காரர் டூட்டி சந்துக்கு 2014இல் இயற்கையான ஹார்மோன் அளவைக் காட்டித் தடை போட்டார்கள். அவர் லோசான் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015இல் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். நம் புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓடி வாங்கிய வெள்ளி ஒரு சோதனையோடு போயிற்று. உடம்பை அளந்து பெண்ணா என்று கேட்கும் விதியை எதிர்த்து நிற்பவர்களை, அங்கத்தை வைத்தே பெயர் சொல்லி அழைக்கிறோம். 'வீரர் வீராங்கனைகள்' என்று ஒவ்வொரு வரியிலும் இரட்டையாக இழுப்பது வேறு.

தூய தமிழ் அன்பர்கள் சிலர் இலங்கை வழக்கான 'மெய்வல்லுநர்' என்பதை எடுத்து நீட்டுகிறார்கள். அருமையான சொல், காதுக்கு இனிமை. ஆனால் அங்கே பள்ளிகளில் மெய்வல்லுநர் போட்டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும்தான், மறுபடி தடகளத்துக்கே வந்து நிற்கிறோம். அது போக, வல்லுநர் என்றால் தேர்ந்தவர். தகுதிச் சுற்றிலேயே கடைசியாக வந்து வெளியேறியவர் வல்லுநர் இல்லையென்றால் அவருக்கு உரிமை கிடையாதா? தங்கம் வென்றவருக்கு ஆயிரம் பேர் பேசுவார்கள். குழு தேவைப்படுவது கடைசியாக வந்தவருக்குத்தான். 'ஆட்டக்காரர்' என்பது நல்ல நாட்டுச் சொல், ஆனால் நீந்துகிறவரை யாரும் ஆட்டக்காரர் என்பதில்லை. 'போட்டியாளர்' கிரேக்கத்துக்கு நெருக்கம், அதைத் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று உண்டு. மலையாளத்தில் 'காயிகதாரம்' என்பார்கள், தாரம் என்றால் அவர்களுக்கு நட்சத்திரம். எங்கள் பக்கம் ஒரு கிளப்காரர்கள் அதை அப்படியே தமிழ் எழுத்தில் ஃபிளெக்ஸ் அடித்து, 'நமது காயிகதாரங்களுக்கு வாழ்த்துகள்' என்று பேருந்து நிறுத்தத்தில் கட்டிவிட்டார்கள். வேலந்தாவளம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பாட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யாரோட தாரம் கண்ணு?" என்று கேட்டார். தமிழில் தாரம் மனைவி.

என் வாக்கு 'விளையாட்டாளர்' என்பதற்கு. தொழிலாளர், எழுத்தாளர், பேச்சாளர் வரிசையில் வருகிறது. ஆண் பெண் இருபாலுக்கும் பொது, நீச்சலுக்கும் பொருந்தும், துப்பாக்கிக்கும் பொருந்தும். தொழிலாளருக்குச் சங்கம் இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படாது, விளையாட்டாளருக்கும் படாது. விளையாட்டு என்றால் வேடிக்கை என்ற பொருளும் உண்டே, ஆளைக் கிண்டல் செய்வதுபோல் இருக்காதா என்று கேட்டார் ஒரு நண்பர். தொல்காப்பியம் உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக விளையாட்டை வைத்திருக்கிறது, அந்த அளவு வேடிக்கை இருக்கட்டும். விளையாட்டுத் துறை அமைச்சர் என்கிறோம், யாரும் சிரிப்பதில்லை. ஆகவே 'விளையாட்டாளர் குழு'. 2018இல் ஒலிம்பிக் கமிட்டி புவெனஸ் அயர்ஸில் ஏற்ற பிரகடனம் 'விளையாட்டாளர் உரிமைகள் பொறுப்புகள் பிரகடனம்'. விளையாட்டாளர் பிரதிநிதி என்னும்போது வரும் பிரதிநிதி என்ற வடசொல்லை நான் விரட்டப் போவதில்லை, பஞ்சாயத்துக் கூட்டத்தில் சாதாரணமாகப் புழங்குகிறது. 'சார்பாளர்' என்று எழுதினால் வக்கீல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தடகளம் பொருந்தும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. முண்டூர் பி.யு. சித்ரா 2017 ஜூலையில் புவனேசுவரம் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். லண்டன் உலகப் போட்டிக்கு இந்திய அணியில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. காலக்கெடு முடிந்துவிட்டது என்று சர்வதேச அமைப்பு ஏற்க மறுத்துவிட்டது. நீதிமன்றம் வரை போய் வென்றும் ஓட முடியவில்லை. தேர்வு நடந்த அறைக்குள் விளையாட்டாளர் தரப்பில் யாராவது உட்கார்ந்திருந்து அங்கேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சித்ராவைத் தடகள விளையாட்டாளர் என்று தாராளமாக எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டாளரோடு இருக்கும் பயிற்சியாளர், மருத்துவர், முகவர் எல்லோரையும் சேர்த்துக் குறிக்க ஒலிம்பிக்காரர்கள் ஆன்டூராஜ் என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் ஒருவர் 'பரிவாரம்' என்று எழுதியிருந்தார். மாதக் கடைசியில் கோச்சுக்கே பெட்ரோல் காசு தேற்ற வேண்டியிருக்கிற பாலக்காட்டுப் பிள்ளைக்குப் பரிவாரமாம். 'உடன் பணிபுரிவோர்' என்று எழுதுங்கள் ஐயா.