‘அசல் ஓவியம்’ என்ற விற்பனைக் குறிப்பில் கவனிக்க வேண்டியவை

ஓவியங்களையும் காகிதப் படைப்புகளையும் சீரமைக்கும் தொழிலில் இருப்பதால், பூஞ்சை படர்ந்தவை, கான்வாஸ் தொய்ந்தவை, பின்னட்டையின் அமிலம் ஏறிக் காகிதம் பழுத்தவை எனப் பலவகைப் படைப்புகள் என் மேசைக்கு வருகின்றன. இவற்றில் பலவற்றை ஓரளவாவது மீட்டுவிடலாம். ஆனால் ஓவியம் என்று நம்பி வாங்கியது ஓவியமே அல்ல என்று தெரியவரும்போது, அதைச் சீரமைக்க என்னிடம் எந்தக் கருவியும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தம்பதியர், சட்டமிட்ட கான்வாஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஓவியராகவும் அச்சோவியக் கலைஞராகவும் பல்லாண்டுகளாக அறியப்பட்ட ஒருவரின் படைப்பு அது. மூலையில் ஏறிய ஈரக்கறையை நீக்கித் தர வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. வேலையைத் தொடங்கும் முன் வழக்கம்போல் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தபோது, நீலமாகத் தெரிந்த வானம் முழுவதும் மிக நுண்ணிய மைப்புள்ளிகளாகச் சிதறியிருந்தது. அதன் மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் பூசியிருந்தார்கள். அந்தத் தூரிகைத் தடங்கள் மரம், வானம், உருவம் என்ற வேறுபாடு எதுவுமின்றி எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக ஓடின. ஓரத்திலிருந்த கையொப்பம் மட்டும் ஓவியருடையதுதான். விற்றவரின் விளம்பரத்தில் ‘அசல்’ என்ற சொல் இருந்தது. எது அசல் என்று அதில் சொல்லப்படவில்லை.

ஓவியமும் வரைந்து அச்சோவியமும் செய்யும் கலைஞரின் படைப்பை வாங்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படுவது இதனால்தான். ஒரே கையொப்பத்தின் கீழ் மூன்று வெவ்வேறு பொருள்கள் சந்தையில் உலவக்கூடும். முதலாவது, கான்வாஸிலோ காகிதத்திலோ கலைஞர் நேரடியாக வண்ணம் தீட்டிய, ஒன்றே ஒன்றான ஓவியம். இரண்டாவது, செப்புத்தகடு, மரக்கட்டை, கல், பட்டுத்திரை ஆகியவற்றில் கலைஞர் உருவாக்கிய பிம்பத்தை மையிட்டுக் காகிதத்தில் எடுத்த அச்சோவியம். மூன்றாவது, முடிந்துபோன ஓவியத்தைப் படம்பிடித்து ஆஃப்செட் முறையிலோ இன்க்ஜெட் இயந்திரத்திலோ அச்சிட்ட பிரதி. 1990களின் தொடக்கத்தில் இந்தக் கடைசி வகைக்கு ‘ஜிக்ளே’ என்ற அழகான பெயர் சூட்டப்பட்டது; பெயர் மாறியதால் பொருள் மாறிவிடவில்லை.

அச்சு என்றாலே நகல் என்று எண்ணி இரண்டாவது வகையை ஒதுக்குவது தவறு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங் முறையில் ஏறத்தாழ 300 படைப்புகளைச் செய்திருக்கிறார். அவற்றின் ‘அசல்’ எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தகடு ஒரு கருவி மட்டுமே, காகிதத்தில் பதிந்ததே படைப்பு. எனினும் அந்தத் தகடு கலைஞருக்குப் பின்னும் வாழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்பானிய ஓவியர் கோயா 1828இல் இறந்தார். போரின் கொடுமைகளைச் சித்திரிக்கும் அவருடைய தகட்டுத் தொகுதி, 35 ஆண்டுகள் கழித்து 1863இல்தான் முதன்முதலாகப் பதிப்பாக வெளிவந்தது. தகடு அவர் கை பட்டது, மையிட்டு அச்செடுத்ததோ பிறர். ஆகவே அச்சோவியத்தைப் பொறுத்தவரை ‘யார் செய்தது’ என்பதுடன் ‘எப்போது, யார் மேற்பார்வையில் அச்செடுக்கப்பட்டது’ என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். உலோக ஊசியால் நேரடியாகக் கீறும் டிரைபாயிண்ட் முறையில், கீறலின் ஓரத்தில் எழும் மெல்லிய உலோகப்பிசிறு சில பத்துப் பிரதிகளுக்குள் நசுங்கிவிடுகிறது; முதலில் எடுத்த அச்சின் வெல்வெட் போன்ற கருமை பிந்தைய அச்சுகளில் இருப்பதில்லை.

அடியில் பென்சிலால் எழுதப்படும் 12/50 போன்ற எண்ணைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் உண்டு. ஐம்பது பிரதிகள் கொண்ட பதிப்பில் இது பன்னிரண்டாவதாக எண்ணிடப்பட்டது என்பதே இதன் பொருள். அச்செடுத்த வரிசையும் எண்ணிட்ட வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சிறிய எண் உயர்ந்த தரத்தைக் குறிப்பதும் இல்லை. இந்த ஐம்பதுக்கு வெளியே, ‘ஏ.பி.’ என்று குறித்த கலைஞர் பிரதிகளும் சில இருக்கும். மொத்தம் எத்தனை என்று தயங்காமல் கேட்கலாம். பென்சிலில் கையொப்பமிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது என்பதால், அதற்கு முந்தைய அச்சோவியங்களில் அது இல்லாதது குறையன்று. மறுபுறம், படம்பிடித்து அச்சிட்ட பிரதியிலும் கலைஞர் கையொப்பமிட்டு எண்ணும் எழுதித் தரலாம். அது பொய்யான கையொப்பம் ஆகாது. அதனாலேயே அந்தத் தாள் அச்சோவியமாகியும் விடாது.

இடைப்பட்ட ஒரு வகையும் இருக்கிறது. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. வழவழப்பான தகட்டின் மேல் மையாலோ வண்ணத்தாலோ வரைந்து, ஈரம் காயும் முன் காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பது மோனோடைப். நல்ல அச்சு ஒன்றுதான் கிடைக்கும். தகட்டில் எஞ்சியிருக்கும் மையிலிருந்து மங்கலான இரண்டாவது அச்சையும் சிலர் எடுப்பார்கள். பிரெஞ்சு ஓவியர் டெகா அப்படிப்பட்ட அச்சுகளின் மேல் பாஸ்டல் என்ற வண்ணக்கட்டியால் வரைந்து, அடியில் அச்சு இருப்பதே தெரியாத அளவுக்கு அவற்றை வேறொன்றாக மாற்றினார். இத்தகைய படைப்பை ஓவியம் என்பதா, அச்சோவியம் என்பதா என்று வாதிடுவதில் பயனில்லை. ‘மோனோடைப்பின் மேல் பாஸ்டல்’ என்று எழுதிக் கொடுத்தால் விற்பவர் நேர்மையானவர் என்பதற்கு அதுவே போதிய அடையாளம். ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எவையெல்லாம் கலந்திருக்கின்றன என்று கேளுங்கள்.

நேரில் பார்க்க முடிந்தால் ஒரு கைலென்ஸும் ஒரு டார்ச்சும் போதும். டார்ச்சைக் கான்வாஸுக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் வண்ணத்தின் மேடுபள்ளங்கள் நிழலாக எழும். அவை வரைந்த உருவத்தைப் பின்பற்றிச் செல்கின்றனவா, தொடர்பின்றி ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மெல்லிய வண்ணப்பூச்சில் வரையும் ஓவியர்களிடம் மேடுபள்ளமே இராது என்பதால், அது இல்லாததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. லென்ஸில் வண்ணப்புள்ளிகள் பூவிதழ்போல் வட்டமாக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட் அச்சு. எட்சிங்கில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் காகிதத்தில் தெரியும். கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோகிராஃபிலும் பட்டுத்திரை அச்சிலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். படத்தை மட்டும் பார்த்து வாங்க நேர்ந்தால், சாய்வொளியில் எடுத்த படமும், பின்புறம், மடிந்த ஓரங்கள், கையொப்பம் ஆகியவற்றின் அண்மைப் படங்களும் கேளுங்கள். உண்மையான ஓவியத்தை விற்பவருக்கு இவற்றை அனுப்புவது பத்து நிமிட வேலை.

பின்புறத்தில் ஒட்டிய பழைய காட்சிச்சாலைச் சீட்டுகள் நம்பிக்கை தருபவைதான், ஆனால் அவற்றையும் செய்துவிடலாம். ஜெர்மன் ஓவியர் காம்பெண்டோங்க் 1914இல் தீட்டியதாகச் சொல்லப்பட்ட குதிரை ஓவியம் ஒன்று, 2006இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. அதன் பின்புறச் சீட்டும் போலி என்று பின்னர் தெரியவந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது, 1914இல் ஓவியர்களின் கையில் இருந்திருக்க முடியாத டைட்டானியம் வெள்ளை நிறமி. சாதாரணமாக வாங்குபவர் ஆய்வுக்கூடம்வரை போக வேண்டியதில்லை. கலைஞர் வாழ்ந்துகொண்டிருந்தால், படத்தை அவருடைய ஸ்டூடியோவுக்கே அனுப்பி, இது உங்கள் படைப்புதானா, எந்த ஆண்டு, எந்த முறை என்று கேட்பதைவிட எளிய சோதனை இல்லை. விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் ‘உண்மைச் சான்றிதழ்’, அவர் வாயால் சொன்னதை மீண்டும் சொல்லும் ஒரு தாள்.

ரசீதில்தான் எல்லாம் இருக்கிறது. கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு ஆகியவற்றுடன், ‘கான்வாஸில் எண்ணெய் வண்ணம், கலைஞர் கையால் தீட்டியது, ஒரே படைப்பு’ என்பது போன்ற தெளிவான விவரிப்பு இருக்க வேண்டும். அச்சோவியமானால் முறை, பதிப்பின் அளவு, அச்செடுத்த ஆண்டு ஆகியவையும் இருக்க வேண்டும். இதற்கு முன் அது யாரிடம் இருந்தது என்பதையும் எழுதி வாங்கலாம். ஓவியம் உங்களுடையதாகிவிட்டாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் கலைஞரிடமே இருக்கும் என்பதால், வாங்கியதை நாட்காட்டியில் அச்சிடும் எண்ணமிருந்தால் அதற்குத் தனி அனுமதி தேவை.

அந்தத் தம்பதியரின் ரசீதைப் பின்னர் பார்த்தேன். ‘கான்வாஸ் படைப்பு, கையொப்பமிட்டது’ என்று மூன்றே சொற்கள். மூன்றும் உண்மை என்பதால் விற்றவரிடம் வாதிட அவர்களுக்கு வழியில்லை. ஈரக்கறையை நீக்கினேன்; என் அறிக்கையில், பொருள் என்ற இடத்தில் ‘கான்வாஸில் இன்க்ஜெட் அச்சு, மேலே அக்ரிலிக் ஜெல்’ என்று எழுதி, இருவருக்கும் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திட்டேன்.