செட்டாப் பாக்ஸ்ல ரெக்கார்ட் பண்ணா பத்திரமா இருக்கும்னு நம்பாதீங்க

பழைய வீடியோ கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டர் ஃபைலா மாத்திக் கொடுக்கிறது தான் என் தொழில். ஆனா இப்பல்லாம் கேசட்டை விட அதிகமா வர்றது செட்டாப் பாக்ஸ்ல சொருகி ரெக்கார்ட் பண்ண பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் தான். பொண்ணு பாட்டுப் போட்டியில பாடினது, தாத்தா பட்டிமன்றத்துல பேசினது, இப்படி வீட்டு ஆளுங்க டிவியில வந்ததை ரெக்கார்ட் போட்டு வச்சிருப்பாங்க, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பாக்ஸ் ரிப்பேராகி புது பாக்ஸ் மாத்தினதும் எதுவுமே ஓடாது.

ஒரு அக்கா அப்படித்தான் வந்தாங்க, அவங்க அப்பா ஒரு நிகழ்ச்சியில அரைமணி நேரம் பேசினது, அப்பா இப்ப இல்ல. டிஸ்க்கை சொருகினா ஃபைல் இருக்கு, சைஸ் கூட சரியா காட்டுது, எந்த பிளேயர்ல போட்டாலும் ஓடல. "ஃபைல் தான் இருக்கே தம்பி, எப்படியாவது எடுத்துக் குடுங்க"ன்னு கேக்கறாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியல. ஏன்னா பாக்ஸ் ரெக்கார்ட் பண்ணும்போதே அதை என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதுது, திறக்கிற சாவி அந்த பாக்ஸுக்குள்ளயும் அதுல சொருகுற கார்டுலயும் தான் இருக்கும். பாக்ஸ் போச்சுன்னா சாவியும் போச்சு, டேட்டா ரெக்கவரி சாஃப்ட்வேர் எதைப் போட்டாலும் வராது. சில கம்பெனி பாக்ஸ்ல மாசக் காசு கட்டலன்னாலே பழைய ரெக்கார்டிங் ஓடாது. இதை விக்கும்போது யாரும் சொல்றதில்ல, அதனால தான் இவ்ளோ விளக்கமா எழுதறேன்.

நாளைக்கு பாத்துட்டு அழிக்கிற சீரியலுக்கு பாக்ஸ் போதும். காலத்துக்கும் வச்சுக்கணும்னா கம்ப்யூட்டர்ல எடுங்க, அதுக்கு வேணும்கிறது ஒரு கேப்சர் கார்டு, அதாவது பாக்ஸ்ல இருந்து வர்ற படத்தை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போற கருவி. இங்க தான் நெறைய பேரு ஏமாறுறாங்க, யூஎஸ்பி 2.0 கார்டோட டப்பா மேல 4கே-ன்னு பெருசா போட்டிருக்கும், அது உள்ள வாங்கிக்கிற சிக்னல் மட்டும் தான், ரெக்கார்ட் ஆகிறது 1080, அதுவும் செகண்டுக்கு 30 ஃப்ரேம் தான். கணக்கு போட்டுப் பாருங்க, ஹெச்டி படத்தை அமுக்காம செகண்டுக்கு 50 ஃப்ரேம் அனுப்பணும்னா கிட்டத்தட்ட 1.6 ஜிகாபிட் வேணும், யூஎஸ்பி 2.0 தாங்குறது 480 மெகாபிட். அதனால அந்த கார்டு படத்தை முதல்லயே நசுக்கித்தான் அனுப்பும், முகமெல்லாம் கொழகொழன்னு தெரியும். யூஎஸ்பி 3.0 கார்டா பாத்து வாங்குங்க, லூப் அவுட் இருந்தா நல்லது, ரெக்கார்ட் ஆகும்போதே டிவியிலயும் பாக்கலாம்.

அடுத்தது செட்டிங். நம்ம ஊர் டிவி ஒளிபரப்பு செகண்டுக்கு 50 கணக்குல வருது, கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ற ஓபிஎஸ் சாஃப்ட்வேரை அப்படியே போட்டா 30 இல்ல 60ல நிக்கும், அப்படியே எடுத்தா கேமரா நகர்ற இடத்துல எல்லாம் படம் தட்டித்தட்டி போகும், டான்ஸ் நிகழ்ச்சின்னா பாக்கவே முடியாது. 50ன்னு மாத்துங்க. ஆள் கையை ஆட்டும்போது ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு விழுந்தா, அந்த சோர்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி டீஇன்டர்லேஸ்ல யாடிஃப் 2எக்ஸ் வைங்க, கோடு போயிடும்.

ஃபைலை எம்பி4ல எடுக்காதீங்க, எம்கேவில எடுங்க, இது ரொம்ப முக்கியம். சாதாரண எம்பி4ல கடைசியில ஸ்டாப் பண்ணும்போது தான் ஃபைலோட அட்டவணையை எழுதும், நடுவுல கரண்ட் போச்சுன்னா மொத்தமும் கெட்டுப்போயிடும். எம்கேவின்னா கரண்ட் போன நிமிஷம் வரைக்கும் மிஞ்சும், அப்புறம் ஓபிஎஸ்லயே ரீமக்ஸ் பண்ணி, அதாவது உள்ள இருக்கிற படத்தைத் தொடாம ஃபைல் வகையை மட்டும் மாத்தி, எம்பி4 ஆக்கிக்கலாம், குவாலிட்டி ஒரு துளி குறையாது. செகண்டுக்கு 12 மெகாபிட்ல எடுத்தா மணிக்கு 5.4 ஜிபி ஆகும், ஃபேட்32 ஃபார்மேட்ல இருக்கிற பென் டிரைவ்ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, முக்கா மணி நேரத்துலயே நின்னுடும். நேரா கம்ப்யூட்டர் டிஸ்க்லயே எடுங்க, விண்டோஸ் அப்டேட்டையும் அன்னைக்கு நிறுத்தி வைங்க.

சில பாக்ஸ்ல ஹெச்டிஎம்ஐ சொருகினா கருப்பா தான் தெரியும், அது காப்பி எடுக்க விடாம தடுக்கிற ஹெச்டிசிபி பூட்டு. அதை உடைக்கிற ஸ்ப்ளிட்டர் மார்க்கெட்ல கெடைக்குது, நான் போட்டுத் தர மாட்டேன், காப்பிரைட் சட்டத்துல இப்படி பூட்டு உடைக்கிறதுக்குன்னே 2012ல 65ஏ பிரிவு சேர்த்திருக்காங்க. பாக்ஸ் பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி பின் இருந்தா அதுல இருந்து எடுங்க, ஹெச்டி கெடைக்காது, 576 லைன் தான், ஆனா மூஞ்சியும் குரலும் நல்லா தெரியும், ஒண்ணுமே இல்லாம போறதுக்கு இது எவ்ளோவோ மேல். சொந்தமா பாக்கறதுக்கு ஒளிபரப்பை ரெக்கார்ட் பண்றதை அதே சட்டத்துல 39வது பிரிவு அனுமதிக்குது. யூடியூப்ல முழுசா ஏத்துறது அதுல சேராது, அந்த உரிமை சேனலுக்கு தான்.

டிடி தமிழ், அதாங்க 2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு இருந்ததே, அதுல வர்ற நிகழ்ச்சின்னா இவ்ளோ சுத்த வேண்டாம். டிடி ஃப்ரீ டிஷ்ல பூட்டு இல்லாம வர்ற சேனலை கம்ப்யூட்டர்ல சாட்டிலைட் சிக்னலை வாங்குற டிவிபி-எஸ்2 ட்யூனர் மாட்டி, டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்குல இருக்கிற ஜிசாட்-15 சாட்டிலைட்டுக்கு திருப்பினா நேரா கம்ப்யூட்டர்லயே புடிக்கலாம். இதுல மறுபடி படம் புடிக்கிற வேலையே கெடையாது, வானத்துல வர்ற ஸ்ட்ரீம் அப்படியே டிஎஸ் ஃபைலா விழும், சேனல் அனுப்புற குவாலிட்டி எதுவோ அதே தான். என்னைக் கேட்டா இதை விட நல்ல ரெக்கார்டிங் வீட்ல எடுக்க முடியாது.

எதுல எடுத்தாலும் முந்தின நாளே அதே சேனல், அதே நேரத்துல பத்து நிமிஷம் ட்ரையல் எடுத்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, முக்கியமா சத்தம் வருதா, உதடும் பேச்சும் ஒட்டுதான்னு. ஷூட்டிங்குக்கு போன அன்னைக்கே அங்க இருக்கிறவங்ககிட்ட ஒரு காப்பி கெடைக்குமான்னு கேட்டும் வைங்க, ஒளிபரப்பாகி வருஷக்கணக்கா ஆன பிறகு போய் நின்னா தேடி எடுத்துக் கொடுக்கிறது அவங்களுக்கே கஷ்டம். எடுத்த ஃபைலை ரெண்டு டிஸ்க்ல போட்டு, ஒண்ணை வேற வீட்ல, அண்ணன் வீட்லயோ தங்கச்சி வீட்லயோ குடுத்து வைங்க. ஏற்கனவே பாக்ஸ்ல ரெக்கார்டிங் வச்சிருக்கிறவங்க, பாக்ஸ் உயிரோட இருக்கும்போதே அதை ப்ளே பண்ணி ஏவி பின் வழியா எடுத்துடுங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு ஆள் வந்து கேட்டாலும் அது முடியிற வரைக்கும் பாக்ஸைக் குடுக்காதீங்க.