பச்சைப் பிள்ளைக்கு ஊசி நோகாதா?

"பச்சைப் பிள்ளைக்கு நோவு விளங்காது, கெதியாய்க் குத்திவிடுங்கோ" என்று மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிவரும் அம்மம்மாமாரும் உம்மம்மாமாரும் திருகோணமலை வைத்தியசாலையில் எங்கள் சிறுவர் விடுதியில் சொல்வதுண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1980கள் வரையில் மருத்துவ உலகமே ஏறக்குறைய அதே நம்பிக்கையில், குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதிய வலிநிவாரணி இன்றிச் சத்திரசிகிச்சை செய்துவந்தது. பென்டனில் என்னும் வலிநிவாரணியும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளில், உடல் நெருக்கடிக்குள்ளாகும்போது சுரக்கும் அழுத்த ஓமோன்களின் உயர்வும் சத்திரசிகிச்சைக்குப் பின்னான சிக்கல்களும் குறைவாக இருந்ததை ஆனந்த் என்னும் மருத்துவரின் ஆய்வுக் குழுவினர் 1987இல் வெளியிட்ட பின்னர்தான் அந்த வழக்கம் பரவலாகக் கேள்விக்குள்ளானது.

முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் வலிச்செய்தியை முன்தள்ளும் இரசாயனங்களும் உண்டு, அதைத் தணிக்கும் இரசாயனங்களும் உண்டு. தோலிலிருந்து வரும் நரம்பு நார்கள் குளுட்டமேற்று என்னும் தூண்டும் இரசாயனத்தை விடுவித்து, முண்ணாணின் பின்பக்கப் பகுதியான பின்கொம்பிலுள்ள கலங்களைத் தூண்டுகின்றன. அயலிலுள்ள சிறு நரம்புக் கலங்கள் காபா, கிளைசீன் என்னும் தணிக்கும் இரசாயனங்களால் அந்தத் தூண்டலை மட்டுப்படுத்துகின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நார்கள் செரட்டோனின், நோரதிரனலின் என்னும் இரசாயனங்களைக் கொண்டு மேலிருந்து கட்டுப்படுத்துகின்றன. இவை ஒன்றாக முதிர்வதில்லை என்பதே தாய்மார் அறிய வேண்டிய செய்தி. தூண்டும் பாதை கருவிலேயே தொழிற்படத் தொடங்கிவிடுகிறது. தணிக்கும் ஏற்பாடு பிந்தியே முழுமையடைகிறது.

காபாவின் நடத்தை இதில் விசித்திரமானது. கருவில் வளரும் நரம்புக் கலத்தினுள் குளோரைட்டு அயன்கள் என்னும் மின்னேற்றமுள்ள துணிக்கைகள் மிகுதியாகத் தேங்கியிருப்பதால், காபா திறக்கும் வாயில் வழியே அவை வெளியேறி, கலத்தை அமைதிப்படுத்துவதற்குப் பதிலாகத் தூண்டலின் பக்கம் நகர்த்துகின்றன. குளோரைட்டை வெளியேற்றும் கேசிசி2 என்னும் புரதம் போதியளவு உருவான பின்னரே காபா தணிப்பியாகிறது. 

எலிக்குட்டிகளில் தொடுகைக்குரிய தடித்த நார்கள், பிறந்து ஏறத்தாழ மூன்று வாரம் வரை, பின்னாளில் வலி நார்களுக்கே உரித்தாகும் பின்கொம்பின் மேற்படையிலும் பரவிக்கிடக்கின்றன. ஆகவே மெல்லிய தொடுகைக்கே கால் இழுபடுகிறது. அதே மூன்று வாரங்களில், வலியைத் தணிக்க வேண்டிய மூளைத்தண்டுப் பகுதியைத் தூண்டினால், கால் இழுபடும் அந்த அனிச்சைச் செயல் குறையாமல் கூடுகிறது. எலிக்குட்டி மிகவும் முதிராத நிலையில் பிறப்பதால் இந்த நாட்கணக்கை அப்படியே மனிதப் பிள்ளைக்குப் பொருத்தக் கூடாது; எனினும் திசை ஒன்றுதான். லண்டனில் நரம்பியல் ஆய்வாளர் மரியா பிட்ஸ்ஜெரால்டும் உடன் பணியாற்றியவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தப் பரிசோதனைக்காகத் திரும்பத் திரும்பக் குத்தப்பட்ட குறைமாதக் குழந்தையின் குதிக்கால், குத்தப்படாத மற்றக் குதிக்காலைவிட ஏறத்தாழ அரைவாசி அழுத்தத்திலேயே இழுபட்டது.

எனவே சிறு பிள்ளைக்கு நோவு குறைவு என்பதல்ல, அதைத் தணிக்கும் வலு குறைவு என்பதே உண்மை. இதில் தாயால் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஊசிக்குச் சற்று முன்னரே பாலூட்டத் தொடங்கி, ஊசி ஏறும்போதும் தொடர்வது நோவைக் குறைக்கிறது; மார்போடு மார்பாகத் தோல் படும்படி அணைத்திருப்பதும் அவ்வாறே. பிள்ளையைக் கையில் வைத்திருக்கத் தாதியரிடம் தயங்காமல் கேளுங்கள். வைத்தியசாலையில் அளவாகக் கொடுக்கப்படும் சீனிக்கரைசலைப் பார்த்துவிட்டு வீட்டில் சீனித் தண்ணீரோ தேனோ கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்தானது.

களைத்துப்போன குறைமாதப் பிள்ளை அழாமலே இருக்கக்கூடும் என்பதால், அழுகையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல் புருவம் நெரிவதையும் கண் இறுக மூடுவதையும் கவனியுங்கள். அதே வேளை, ஊசி குத்தியும் ஒரு கால் மட்டும் அசையாதிருந்தாலோ, பிட்டப் பிளவுக்கு மேலே முதுகின் நடுவில் மயிர்க்கற்றையோ கட்டியோ ஆழமான குழியோ தென்பட்டாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.